கோடாலிக்குப் பவுடர் பூசச் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி புதுக் கோடாலி ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். நம் பக்கத்துப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கியது. தலை மட்டும் ஒன்றரைக் கிலோ, காம்போடு சேர்த்து 900 ரூபாய். தோட்டத்தில் பட்டுக் கிடக்கும் சீமைக்கருவேலை வெட்டி ஒழுங்கு செய்ய வாங்கியிருக்கிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் முப்பது பதில்கள். "ஒரே கருப்பா இருக்கே." "சுத்தியல் தடம் அப்படியே தெரியுது, ஃபினிஷிங் சுத்தமா இல்ல." "ஆன்லைன்ல கண்ணாடி மாதிரி இருக்கு, 650 ரூபாதான்." "ஏமாத்திட்டாங்க மாப்ள, திருப்பிக் குடு." இவர்களுக்கு எதிர்க்கட்சியாகச் சென்னையிலிருந்து நம் உறவினர் ஒருவர்: "கையால அடிச்சதுன்னா அப்படித்தான் இருக்கும். அந்தத் தழும்புதான் அழகே. யாரும் குறை சொல்லாதீங்க."

முப்பது பேரில் ஒருவர்கூட இந்த மூன்று கேள்விகளைக் கேட்கவில்லை. காம்பு நுழையும் துளை நேராக இருக்கிறதா? வாயில் அரம் பிடிக்கிறதா? ஒரு கட்டையிலாவது வெட்டிப் பார்த்தாயா?

கருப்பு என்று கழித்தவர்களும் தழும்பு அழகு என்று கொஞ்சியவரும் பார்த்தது ஒன்றைத்தான்: தோலை. கோடாலி வேலை செய்வது தோலால் அல்ல. இந்தப் பழக்கம் நமக்குக் கெட்ட கோடாலியைத் தருவதோடு நிற்கவில்லை. நல்ல கோடாலி அடிக்கத் தெரிந்தவரையும் கெட்ட கோடாலி அடிக்க வைக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

*

நேர்த்தி என்றால் என்ன? நம் அப்பத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. பித்தளைப் பாத்திரம் வாங்கினால் வெளிப்புறப் பளபளப்பைப் பார்த்து மயங்க மாட்டார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து, திருப்பி, உள்ளே கையை விட்டு ஈயப்பூச்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். ஏனென்றால் புளிக்குழம்பு படுவது உள்ளே. வெளியே எவ்வளவு மின்னினாலும் உள்ளே ஈயம் விட்டிருந்தால் குழம்பு கெட்டுவிடும்.

ஒரு பொருள் எந்த இடத்தில் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் காட்டிய அக்கறைக்குப் பெயர்தான் நேர்த்தி. கோடாலிக்கு அப்படி மூன்று இடங்கள் உண்டு. மரத்தைத் தொடும் வாய், காம்பைப் பிடிக்கும் துளை, கையைத் தொடும் காம்பு. இந்த மூன்றிலும் அக்கறை இருந்தால் மற்ற இடம் கருப்பாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன?

அந்தக் கருப்பு என்னவென்று பார்ப்போம். இரும்பைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் மேற்பரப்பு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கருப்பான ஆக்சைடு படலமாகிறது. உலையில் இருந்து வெளிவரும் எந்த இரும்பும் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். இது அழுக்கும் அல்ல, செந்துருவும் அல்ல. செதில் செதிலாக உதிர்ந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது கொல்லரின் சோம்பல், கேட்கலாம். ஆனால் அழுத்தமாக ஒட்டியிருக்கும் மெல்லிய கருப்பைச் சுரண்டி எடுத்து வெள்ளி மாதிரி ஆக்கினால், எண்ணெய் தடவாத ஒரே மழைக்காலத்தில் அந்த வெற்று இரும்பில் துரு ஏறிவிடும். கருப்பு முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. வெற்று இரும்புக்கு அது தேவலை.

சுத்தியல் தடத்திலும் இரண்டு வகை உண்டு. ஆழமில்லாமல் தட்டை தட்டையாகத் தெரிவது வேலையின் தடம். அதனால் ஒரு கேடும் இல்லை. கூர்மையான ஓரத்தோடு பள்ளம் விழுந்திருந்தால், அல்லது இரும்பு ஒன்றின்மேல் ஒன்று மடிந்து கோடு போட்டிருந்தால் அது குறை. மடிப்பு விழுந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் தொடங்கும். "தழும்புதான் அழகு" என்று சொன்ன உறவினர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

*

சரி, புதுக் கோடாலியை எப்படிப் பார்ப்பது? கரும்பலகையில் எழுதிப் போடுவது போல வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, துளை. காம்பு போடாத தலையாக இருந்தால் துளை வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் மெலிந்த பக்கம் ஒருநாள் பிளக்கும். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். கத்தி மாதிரி பிசிறு இருந்தால் அது காம்பின் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். ஆப்பு அடித்து இறுக்கும் வகையானால், ஆப்பு அடிக்கும் பக்கம் துளை சற்று அகன்றிருக்க வேண்டும். அப்போதுதான் விரிந்த மரம் தலையைக் கழன்று போகாமல் பிடித்துக்கொள்ளும். பட்டையை மடித்துச் சேர்த்துத் துளை அமைத்திருந்தால், சேர்த்த இடத்தில் வாய் பிளந்த இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். கழன்று பறக்கும் கோடாலித் தலை எதிரே நிற்பவர் யார் என்று பார்க்காது. என்னைக் கேட்டால் முதல் 50 மதிப்பெண் துளைக்குத்தான்.

இரண்டு, நேர். வாயை மேலே பார்க்கும்படி பிடித்து, காம்பின் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வாயின் கோடும் காம்பின் நடுக்கோடும் ஒரே நேரில் விழ வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஒவ்வொரு வெட்டும் ஒரு பக்கமாகச் சறுக்கும். சறுக்கும் வெட்டு போய் நிற்கும் இடம் வெட்டுபவரின் முழங்கால். நூல் பிடித்துச் சுவர் எழுப்பும் கொத்தனாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று, கன்னம். வாய்க்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் சரிவைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே அளவாக, மெல்லப் புடைத்து வர வேண்டும். மிகவும் தடித்தால் மரத்தில் இறங்காமல் துள்ளும். மிகவும் மெலிந்தால் சீமைக்கருவேல் கணுவில் பட்டு வாய் உடையும். விறகு பிளக்கக் கனமான கன்னம், கிளை வெட்ட மெல்லிய கன்னம். என்ன வேலைக்கு என்று சொல்லாமல் "ஒரு கோடாலி அடிச்சுக் குடுங்க" என்று கேட்டுவிட்டு, பிறகு வெட்டவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

நான்கு, தோய்ச்சல். கோடாலியின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, அதனால்தான் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம்.

நம் பக்கம் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிப்பார்கள். அதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும். கோடாலிக்கு நல்ல இரும்பு. அதை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, வாயை மட்டும் நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் வாய் கடினமாகும். எவ்வளவு சிவப்பு? ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது என்று படித்தோமே, அதற்குச் சற்று மேலே. ஆனால் அந்த நிலையில் வாய் கண்ணாடி மாதிரி, கணுவில் பட்டால் சில்லுச் சில்லாக உடையும். அதனால் கொல்லர் முழுத் தலையையும் ஆறவிட மாட்டார். வாயைத் தோய்த்து எடுத்து, கல்லில் சட்டென்று தேய்த்து வெள்ளையாக்கி, பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சூடு நகர நகர நிறம் நகரும். 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 250-ஐ ஒட்டிப் பழுப்பு, 280-ஐ ஒட்டி ஊதா, 300-ஐ ஒட்டி நீலம். கோடாலிக்கு வேண்டிய நிறம் பழுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில். அது வாய்க்கு வந்த நொடியில் மறுபடி தண்ணீருக்குள். சில நொடி தாமதித்தால் நீலம் வந்துவிடும், வாய் மென்மையாகிவிடும்.

வெப்பமானி கிடையாது, கடிகாரம் கிடையாது. கண்ணும் கையும் மட்டும். என் வகுப்பில் உலோகங்கள் பாடம் நடத்தியபோது இந்த நிற வரிசையைப் புத்தகத்தில் இல்லாமலே ஒரு மூச்சில் சொன்ன மாணவர் ஒருவர் உண்டு. பட்டறை வீட்டுப் பிள்ளை. தேர்வில் அந்தப் பாடத்தில் அவருக்கு 40 மதிப்பெண்கூட வரவில்லை, ஏனென்றால் தேர்வு அதைக் கேட்கவில்லை. இன்று வாங்குகிற நாமும் அதைக் கேட்பதில்லை.

சோதிப்பது எளிது. பழைய அரம் ஒன்றை எடுத்து வாயின் ஓரத்தில் லேசாக இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டே போனால் மிகக் கடினம், உடையும். வெண்ணெயில் போவது போல அரம் தின்றால் மென்மை, மடங்கும். கொஞ்சம் எதிர்த்து, பிறகு பிடித்தால் பதம் சரி. அதே அரத்தைத் தலையின் பின்பக்கத்தில் இழுங்கள். அங்கே தாராளமாகப் பிடிக்க வேண்டும். பின்பக்கமும் கடினமாக இருந்தால், அதைச் சம்மட்டியால் அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

ஐந்து, விரிசல். இதற்கு ஆசிரியர் வீட்டில் எப்போதும் கிடைக்கும் ஒரு கருவி போதும்: சாக்பீஸ். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெயோ டீசலோ தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையில் ஒரு ஈரக் கோடு போடும். கண்ணுக்குத் தெரியாத கோடு தெரிந்துவிடும். தோய்ச்சலில் விழும் விரிசல் வாயின் ஓரத்தில்தான் தொடங்கும், அங்கே கட்டாயம் பாருங்கள்.

ஆறு, காம்பு. கருவேலம் நல்லது. மரத்தின் நார் காம்பின் நீளவாக்கில் முனையிலிருந்து முனை வரை ஓட வேண்டும். நடுவில் குறுக்கே வெளியேறினால் அந்த இடத்தில் ஒடியும். வார்னிஷ் தடிமனாகப் பூசியிருந்தால் நார் ஓட்டமும் தெரியாது, உள்ளங்கையிலும் கொப்புளம் வரும். சுரண்டிவிட்டுப் பாருங்கள்.

ஏழு, வேலை. காய்ந்த கட்டை ஒன்றில் கணு உள்ள இடமாகப் பார்த்துப் பத்து வெட்டு. பிறகு வாயை வெளிச்சத்தில் பாருங்கள். மடங்கியிருந்தால் மென்மை, உடைந்திருந்தால் கடினம். இரண்டுமே திருத்தக் கூடிய குறைதான். பட்டறைக்கு எடுத்துப் போங்கள். நல்ல கொல்லர் மறுபடி உலையில் வைத்துத் தோய்ச்சல் போட்டுத் தருவார். அப்படித் தர மறுத்தால் அடுத்த முறை வேறு பட்டறை பாருங்கள்.

இந்த ஏழிலும் நிறம் எங்காவது வந்ததா? பளபளப்பு எங்காவது வந்ததா?

*

இப்போது கோபமான பகுதிக்கு வருகிறேன்.

நம் பக்கத்துப் பட்டறையில் கொஞ்ச நாளாக ஒரு மாற்றம். முன்பு வாயை மட்டும் சாணை பிடித்துக் கொடுப்பார்கள். இப்போது தலை முழுவதையும் கரண்ட் கிரைண்டரில் பொறி பறக்கத் தேய்த்து வெள்ளையாக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு தலையை வாங்கிப் பார்த்தேன். வாயோரம் அழகான நீலக் கோடு. நீலம் என்றால் என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன். தோய்ச்சலில் அவர் கண் இமைக்காமல் காத்துப் பிடித்த பதத்தை, கிரைண்டரின் சூடு ஒரு நிமிடத்தில் தின்றுவிட்டது.

"இது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா சார் இருக்கும்? கருப்பா வச்சா ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க. செல்போன்ல படத்தைக் காட்டி 'இது மாதிரி மின்னணும்'ங்கிறாங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

நான் என்ன சொல்ல? தவறு அவருடைய கையில் இல்லை, வாங்குகிறவர் கண்ணில் இருக்கிறது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த நீலக் கோட்டையும் மேலும் பாலிஷ் போட்டு அழித்துவிடலாம். நிறம் போய்விடும், மென்மை போகாது. வாங்குபவருக்குத் தடயமும் மிஞ்சாது. பெயின்ட் அடித்த தலை என்றால் கேட்கவே வேண்டாம்; மடிப்பு, விரிசல், கரண்ட் வெல்டிங்கில் ஒட்டுப்போட்ட துளை எல்லாம் சிவப்புப் பெயின்ட்டுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கும். மேக்கப் போட்டுப் பெண் பார்க்க உட்காரவைத்த பழைய காலக் கதைதான்.

பளபளப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் உண்மையில் கேட்டது என்ன? "என் கண்ணுக்கு நல்லதாகத் தெரியட்டும், கட்டைக்கு எப்படியோ போகட்டும்" என்பதுதான்.

தொழிற்சாலைக் கோடாலி எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அச்சில் அழுத்திச் செய்து, பதம் சரியாக வைத்து வருபவையும் உண்டு. அதையும் இதே ஏழு சோதனைக்கு உட்படுத்துங்கள். தேறினால் வாங்குங்கள். 650 ரூபாய் பொருள் தேறிவிட்டு 900 ரூபாய் பொருள் தோற்றால் 650 ரூபாய்ப் பொருளைத்தான் வாங்க வேண்டும். என் வழக்கு கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் அல்ல.

அடுத்து, சென்னை உறவினரின் கட்சி. "கையால் செய்தது" என்பது ஒரு சான்றிதழ் அல்ல. துளை கோணலாக இருக்கிறது என்று சொன்னால், "கைவேலை அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். கேட்க மரியாதை போலத் தெரிகிறது. உள்ளே பார்த்தால் அவமரியாதை. கைவேலை செய்பவரால் நேராக ஒரு துளை போட முடியாது என்றுதானே அதற்குப் பொருள்? முடியும். நம் பகுதியில் அருவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்திக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? தழும்பு அழகாக இருக்கிறது என்று யாரும் அங்கே போகவில்லை. வாய் நின்றதால் போனார்கள்.

இப்போது நகரத்துக் கடைகளில் வேண்டுமென்றே இரும்பில் குழி குழியாக அடித்து, "கைவினை" என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். பளபளப்பு ஒரு பவுடர் என்றால் இது இன்னொரு பவுடர். இரண்டும் முகத்துக்குத்தான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தினேன். கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருந்தாலும், விடை சரியாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டேன். உங்களில் பலருக்கு அது நன்றாகத் தெரியும், பெயர் சொல்லவில்லை. ஆனால் "பாவம், சொந்தக் கையால் எழுதியிருக்கிறான்" என்று தப்பான விடைக்கு யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. கொல்லருக்கும் அதே நியாயம்தான் கேட்கிறேன். தோலுக்காகக் கழிக்காதீர்கள். துளை கோணினால் கூசாமல் சொல்லுங்கள். அவர் திருத்தித் தருவார். திருத்தத் தெரிந்தவரிடம்தான் குறை சொல்ல முடியும்.

*

"சார், நம்ம ஆளுங்க பளபளப்புதான் கேட்பாங்க, அதை மாத்த முடியாது" என்று ஒருவர் எழுதினார். மாற்ற முடியும்.

சுவீடன் நாட்டில் கிரான்ஸ்ஃபோர்ஸ் என்று ஒரு சிற்றூர். 1902 முதல் அங்கே கோடாலி அடிக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. தலை முழுவதையும் பாலிஷ் போட்டுப் பெயின்ட் அடிக்கும் வழக்கத்தை அவர்கள் கைவிட்டார்கள். உலையிலிருந்து வந்த கருப்போடு, சுத்தியல் தடத்தோடு அப்படியே விற்கிறார்கள். வாயை மட்டும் கூர்மையாக்கித் தருகிறார்கள். அடித்தவரின் பெயர் முதலெழுத்துகளைத் தலையில் முத்திரையாகக் குத்துகிறார்கள். நம் காசில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து உலகம் முழுவதும் வாங்குகிறார்கள். நம் குழுவிலேயே வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் அதை வாங்கிப் பெருமையாகப் படம் போட்டார். அப்போது யாரும் "ஒரே கருப்பா இருக்கே" என்று எழுதவில்லை. நம் ஊர்க் கருப்பு மட்டும் உறுத்துகிறதா?

இன்னொன்றும் கேட்கிறேன். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு "இரும்பின் தொன்மை" அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்தவற்றின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை போகிறது என்ற செய்தியை நம் குழுவில் பகிராதவர் இல்லை. நானும் பகிர்ந்தேன். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளைப் பற்றியும் பெருமையோடு எழுதினீர்கள். நல்லது. ஆனால் ஐயாயிரம் ஆண்டுப் பழைய இரும்புக்கு நெஞ்சை நிமிர்த்திய அதே கையால், ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் உலைக்குப் போய், "ஃபினிஷிங் இல்ல, 200 ரூபா குறைச்சுக்க" என்று பேரம் பேசுகிறோம்.

அந்த 900 ரூபாயைக் கணக்குப் போடுங்கள். பட்டை இரும்பு, கரி, காம்பு மரம், உடன் நின்று சம்மட்டி அடிப்பவரின் கூலி, இரண்டு பேரின் அரை நாள். மிச்சம் என்ன நிற்கும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள், கூட்டல் கழித்தல் நான் சொல்லிக் கொடுத்ததுதான். நிறங்களை ஒரு மூச்சில் சொன்ன என் மாணவர் இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் உலைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் வாழ்க்கை, அவர் முடிவு. ஆனால் அவருடைய அப்பாவோடு அந்தக் கண் முடிந்துவிடும். பழுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் சரியான நொடியைப் பிடிக்கும் கண்ணைப் புத்தகம் எழுதி மீட்க முடியாது. பளபளப்புக்காக அதை விலை குறைத்து வாங்கிய பழி நம்முடையது.

"இப்ப யார் சார் கோடாலி பிடிக்கிறாங்க, செயின் சா இருக்கே" என்றும் ஒருவர் கேட்பார், தெரியும். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இன்றும் நிறைய. இயந்திரம் வாங்க முடியாதவர்கள் கையில் கோடாலிதான். கெட்ட பதத்தால் வாய் மடங்கிய கோடாலியோடு வெயிலில் ஒரு நாள் வெட்டுபவருக்கு இந்தப் பதிவு ரசனை பற்றியது அல்ல, தோள்பட்டை பற்றியது.

*

பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை.

படத்தைப் பார்த்து எந்தக் கருவிக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். கையில் எடுங்கள், அரத்தை வையுங்கள், வெட்டிப் பாருங்கள். பிறகு எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

குறை கண்டால் குழுவில் போடாமல் முதலில் பட்டறைக்குப் போங்கள். நேரில் நின்று, இன்ன இடத்தில் இன்ன குறை என்று காட்டுங்கள். "ஃபினிஷிங் இல்ல" என்ற மொட்டைச் சொல்லைக் கேட்டு ஒருவரும் எதையும் திருத்த முடியாது. "துளை இடது பக்கம் ஒரு நூல் ஒதுங்கியிருக்கு" என்று சொன்னால் திருத்தலாம்.

கோடாலி அடிக்கச் சொல்லும்போது, என்ன மரம், என்ன வேலை என்று முதலில் சொல்லுங்கள். அதோடு இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அண்ணே, கருப்பாவே குடுங்க. கிரைண்டர் வேண்டாம். வாயை மட்டும் தண்ணி தொட்டுத் தொட்டுச் சாணை பிடிங்க." இதைக் கேட்டதும் அவர் உங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார். தன் வேலையைப் புரிந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வார். அதன் பிறகு அவர் அடிக்கும் கோடாலி வேறு மாதிரி இருக்கும்.

மரம் வெட்டும் தொழிலில் இருக்கும் உறவுகளும், பட்டறை வைத்திருக்கும் உறவுகளும் பின்னூட்டத்தில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் எழுத்தில் போடுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வரலாம். வரும்போது கையில் ஒரு அரமும் ஒரு சாக்பீஸும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்